ஓரத்தில் நின்றவள்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் இவளும் நலம். வீட்டில் தண்ணீர்க் குழாய்க்கு மட்டும்தான் இருமல். மாமாவின் முதுகுவலி குறைந்ததா? உன் தையல் கடையில் பள்ளிச் சீருடை வேலையெல்லாம் முடிந்து மூச்சுவிட நேரம் கிடைத்திருக்கும் என்று நம்பி எழுதுகிறேன்.

பஸ் டெப்போ போனுக்குக் கூப்பிடாதே என்று மறுபடியும் சொல்கிறேன். அது நேரக் கணக்கர் மேஜையில் இருக்கிறது. போன தடவை நீ "சாப்பிட்டியாடா?" என்று கேட்டது ஒர்க்ஷாப் வரைக்கும் கேட்டு, ஒரு வாரம் மெக்கானிக்குகள் எல்லாரும் என்னை "சாப்பிட்டியாடா" என்றே கூப்பிட்டார்கள். நமக்குக் கடிதம்தான் லாயக்கு. அதிலும் சினிமா பேசக் கடிதத்தை விட்டால் வேறு வழியில்லை.

சரி, படத்துக்கு வருகிறேன். இரட்டை வேடப் படம். நல்லவன் ஒருத்தன், கெட்டவன் ஒருத்தன், இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு. கெட்டவன் வீட்டுக்குள் எப்படி வந்தான் என்று கடைசிவரை சொல்லவே இல்லை. பாட்டு முடிகிறது, அவன் அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறான். டைரக்டர் வீடு கட்டும்போது கதவு வைக்க மறந்துவிட்டார் போல. அப்புறம் இந்தக் காலத்தில் யாருமே விளக்குப் போட்டுப் படம் எடுப்பதில்லையா? பாதிப் படம் கரி பூசின மாதிரி இருந்தது. தியேட்டர்காரனும் சிக்கனம் பிடிக்கிறான். விளக்கை அணைத்த பிறகு உள்ளே போய், ஒரு அம்மாவின் காலை மிதித்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நம் கணக்குத் தெரியும் இல்லையா? என் ரூட்டில் முப்பத்திரண்டு ஸ்டாப். நல்ல படம் என்றால் டெர்மினஸ் வரை உட்காரலாம். இந்தப் படத்துக்குப் பத்தொன்பதாவது ஸ்டாப்பில் இறங்கிவிடலாம். உங்கள் ஊருக்கு வந்ததும் பார்த்துவிட்டு எழுது.

மாமாவுக்கு என் வணக்கம். எட்டு மணி ட்ரிப்புக்கு நேரமாகிவிட்டது.

உன் தம்பி


பிப்ரவரி 2

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். மாமாவின் முதுகு வலி அப்படியேதான் இருக்கிறது. அதைப் பற்றிய பேச்சுதான் கூடியிருக்கிறது. நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் இரட்டை வேடப் படம் வழக்கம்போல மூன்று வாரம் கழித்து இந்த ஊருக்கு வந்து சேர்ந்தது. கடையை மத்தியானமே பூட்டிவிட்டுப் போனேன். ஏன்டா, கெட்டவன் எப்படி வந்தான் என்று தெரியவில்லையா? ஜன்னல் வழியாக ஏறி வருகிறானே! நடுவில் நாயகி ஆடிக்கொண்டிருக்கிறாள். வலது ஓரத்தில் அவன் ஜன்னலில் பாட்டு முழுக்கத் தொங்குகிறான். கால் வழுக்குகிறது, மறுபடி ஏறுகிறான், வேட்டி மாட்டிக்கொள்கிறது. தியேட்டரே சிரித்தது. நீ நாயகியை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை என்று தெரிகிறது. இரு, உன் பெண்டாட்டிக்குத் தனியாக ஒரு கடிதம் போடுகிறேன்.

எங்கள் தியேட்டரில் படம் வெளிச்சமாகத்தான் இருந்தது. இருபத்தைந்தாவது ஸ்டாப் வரை தாராளமாக உட்காரலாம். நீ தூங்கிவிட்டு எழுதியிருக்கிறாய்.

வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி வெகுநேரம் விழிக்காதே.

அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நெற்றியில் மட்டும் ஒரு சின்ன வீக்கம். இவள் அலமாரிக் கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போய்விட்டாள், நான் அதற்கு முத்தம் கொடுத்துவிட்டேன். உங்கள் நலம் எழுதவும்.

ஜன்னலில் தொங்கினவனை நான் பார்க்கவில்லை என்று இவளிடம் சொல்லி, நீ வேறு கடிதம் போட்டு, இரண்டு நாள் வீட்டில் எனக்கு நாயகி என்றுதான் பேர். போகட்டும்.

இந்த வாரம் ஒரு பேய்ப் படம். பேயே இல்லாத பேய்ப் படம்! அக்கா, இப்படி ஒரு ஏமாற்று வேலையை நான் பார்த்ததே இல்லை. ஒரு பெரிய வீடு, புதிதாகக் கல்யாணமான பெண், கதவு கிறீச்சிடுகிறது, அதோடு சரி. அவள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தலை சீவுகிறாள். அதற்குத் தியேட்டர் முழுக்க அலறல். தலை சீவினதற்கு அலறுகிறார்கள்! என்கூட வந்திருந்த விசில் என் தொடையைப் பிடித்துக் கிள்ளியே விட்டான். விசில் யார் என்று எழுதியிருக்கிறேன் இல்லையா, என் கண்டக்டர். ஊதலைத் தொலைத்துவிட்டு வாயாலேயே ஊதுகிறவன். "அண்ணே, பார்த்தீங்களா?" என்றான். "பார்த்தேன் பார்த்தேன்" என்றேன். வேறு என்ன சொல்வது? ஜனங்களுக்குப் பக்கத்தில் இருப்பவன் கத்தினால் தானும் கத்த வேண்டும். நாலாவது ஸ்டாப். அதற்கு மேல் ஒரு அடி உட்காரக்கூடாது.

டெப்போவில் ஒரு சின்னத் தகராறு. பஸ்ஸின் இடது பக்கம் கோடு விழுந்திருக்கிறது என்று மேனேஜர் விசாரித்தார். நடைபாதையில் ஒரு கம்பத்தைப் புதிதாகக் கொண்டுவந்து நட்டுவிட்டு என்னைக் கேட்கிறார். ஏப்ரலிலிருந்து என்னைச் சாயங்கால ட்ரிப்புக்கு மாற்றுகிறார்களாம். பார்க்கலாம்.

மாமாவை முதுகுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

உன் தம்பி


மார்ச் 15

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ நலமா? இந்தக் கேள்வியை இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. பதில் வேண்டும்.

பேய்ப் படத்தை நேற்றுப் பகல் காட்சியில் பார்த்தேன். நீ எழுதியிருந்ததால் சிரித்துக்கொண்டேதான் போனேன். அந்தப் பெண் கண்ணாடி முன்னால் தலை சீவுகிறாள், திரைக்கு நட்டநடுவில். இடது ஓரத்தில் பச்சைத் திரைச்சீலை. அதன் மடிப்புக்குப் பக்கத்தில் ஒருத்தி நிற்கிறாள். அசையாமல், நம்மையே பார்த்துக்கொண்டு. பின்வரிசையில் யாரோ கத்திய பிறகுதான் என் கண் அங்கே போனது. போன கண்ணைத் திருப்ப முடியவில்லை. படத்தில் மூன்று இடங்களில் வருகிறாள். மாடிப்படியில் ஒரு தடவை, கிணற்றடியில் ஒரு தடவை. மூன்றும் ஓரம்தான். ஒவ்வொரு தடவையும் நிதானமாக நிற்கிறாள்.

நீ நடுவில் எழுந்து வெளியே போனாயா? போனேன் என்று எழுது, நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

அவளைப் பார்த்து வந்த பயம் தியேட்டர் வாசலோடு போய்விட்டது. தெருவில் நடக்கும்போது உன் கடிதங்கள் நினைவுக்கு வந்தன. ஜன்னலில் தொங்கினவன். இருட்டாக எடுத்த படம். அலமாரிக் கதவு. கம்பம். அதற்குப் பிறகு வந்த பயம் இன்னும் போகவில்லை.

அப்பா நினைவு வருகிறதா? ஊசியில் நூலை ஒரே தடவையில் கோர்ப்பார். ஆனால் வாசலில் கிடக்கும் பெஞ்சில் தினமும் முட்டிக்கொள்வார். தெருவில் பக்கத்தில் வந்து வணக்கம் சொன்னவரைக் கவனிக்காமல் போவார். 'தலைக்கனம் டெய்லர்' என்று பேர் வைத்தார்கள். தலைக்கனம் இல்லை, கண் என்று தெரிந்தபோது உனக்கு ஒன்பது வயது. நடுவில் தெரியும், சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக அணைந்துகொண்டே வரும் என்றார் டாக்டர். அப்பா கத்திரிக்கோலால் வெட்டிக்கொண்டதெல்லாம் தன் கையைத்தான். அவர் ஓட்டியது தையல் மிஷின். நீ ஓட்டுவது பஸ்.

ஒன்று செய். சுவரில் ஒரு புள்ளியை நேராகப் பார்த்துக்கொண்டு நில். உன் பெண்டாட்டியைப் பக்கவாட்டில் நின்று விரலை ஆட்டச் சொல். விரல் எப்போது தெரிகிறது என்று எழுது. உடனே எழுது.

அக்கா


மார்ச் 27

அக்காவுக்கு,

எனக்கு ஒரு குறையும் இல்லை, ரொம்ப நன்றாக இருக்கிறேன்.

படத்தைப் பற்றி எழுதினால் படத்தைப் பற்றிப் பதில் எழுத வேண்டும். என் கண்ணைப் பற்றி எழுதுகிறாய். வருஷா வருஷம் டெப்போவில் கண் பரிசோதனை நடக்கிறது. அட்டையில் கடைசி வரி வரைக்கும் படித்தேன். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பேரையும் படித்துக் காட்டினேன். "கழுகுக் கண்ணுய்யா உனக்கு" என்று டாக்டரே சொன்னார். அப்பாவுக்கு வந்தது எனக்கும் வர வேண்டும் என்று ஏதாவது சட்டமா? அவருக்கு வழுக்கையும்தான் இருந்தது. என் தலையை வந்து பார்.

விரல் விளையாட்டெல்லாம் விளையாட எனக்கு நேரமில்லை.

ஒரு பேய் ஓரத்தில் நின்றால் அது பேயின் குற்றம். நடுவில் வந்து நிற்கட்டும். காசு கொடுத்தவனுக்குத் தெரிய வேண்டாமா?

இந்த வாரம் மனசே சரியில்லை, அதனால்தான் இப்படி எழுதுகிறேன். பன்னிரண்டாவது ஸ்டாப்பில் ஒரு அம்மா, கையில் குடையோடு எங்கிருந்தோ வந்து பஸ்ஸின் பக்கவாட்டில் இடித்துக்கொண்டார். சிராய்ப்புதான். இந்த ஊரில் எல்லாருமே எங்கிருந்தோதான் வருகிறார்கள். சைக்கிள்காரன், தள்ளுவண்டிக்காரன், எல்லாரும். விசில் மட்டும் "அந்தம்மா அங்கேதான் நின்னுட்டிருந்தாங்கண்ணே" என்கிறான். அவன் டிக்கெட் கிழிப்பானா, ரோட்டைப் பார்ப்பானா?

இனி கொஞ்ச நாளைக்குச் சினிமா வேண்டாம்.

தம்பி


ஏப்ரல் 4

அன்புத் தம்பிக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று எழுதிப் பழகிய கை, இன்று அந்த வார்த்தையை எழுதவே தயங்குகிறது.

குடை வைத்திருந்த அம்மா எப்படி இருக்கிறார்? போய்ப் பார்த்தாயா? சாயங்கால ட்ரிப் ஆரம்பித்துவிட்டதா? எத்தனை மணிக்கு இருட்டுகிறது அங்கே?

கோபம் இருந்தால் கோபமாகவே எழுது. ஒரு வரி போதும்.

அக்கா


ஏப்ரல் 22

தம்பி,

பதினெட்டு நாள் ஆகிவிட்டது. தபால்காரர் எங்கள் தெருவில் திரும்பும்போதே நான் மிஷினை நிறுத்திவிடுகிறேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். நேற்று ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்தில் தைத்து வைத்துவிட்டேன்.

பேப்பரில் பஸ் என்ற வார்த்தையைப் பார்த்தாலே மாமாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறேன். எந்த ஊர் என்று அவர் சொல்லும் வரைக்கும் எனக்கு உயிர் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். எழுது.

அக்கா


ஏப்ரல் 28

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். உங்களுக்கும் அண்ணனுக்கும் என் வணக்கங்கள். உங்கள் உடல்நலம் விசாரிக்கக்கூட இதுவரை தனியாக எழுதியதில்லை, மன்னிக்க வேண்டும். நான் எழுதியது அவருக்குத் தெரியக்கூடாது.

உங்கள் கடிதங்கள் வந்தன. படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார். துவைக்க எடுக்கும்போது நானும் படித்தேன்.

விரலை ஆட்டிப் பார்த்தோம் அண்ணி. உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே. சுவரில் கரியால் ஒரு புள்ளி வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவர் காதுக்கு நேராக நின்றேன். "ஆட்டு" என்றார். ஆட்டினேன். "ஆட்டுடி, சும்மா நிக்காதே" என்றார். நான் ஆட்டிக்கொண்டுதான் இருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வந்து, கிட்டத்தட்ட அவர் மூக்குக்கு நேராக விரல் வந்த பிறகுதான் "ம், இப்ப தெரியுது" என்றார். அப்புறம் புள்ளியைத் துடைத்துவிட்டுப் படுத்துவிட்டார். சாப்பிடவில்லை.

தியேட்டரில் விளக்கு அணைந்த பிறகு உள்ளே போனால் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வருவார். ஆசையில் பிடிக்கிறார் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

குடைக்கார அம்மாவுக்குச் சிராய்ப்பு இல்லை, தோள் எலும்பு முறிந்திருக்கிறது. இவர் உங்களுக்குச் சிராய்ப்பு என்று எழுதினாரா?

போன வாரம் அவருக்குத் தெரியாமல் சாயங்கால பஸ்ஸில் ஏறி, பின்னால் உட்கார்ந்தேன். கூட்டம் இறங்கியதும் முன் சீட்டுக்கு நகர்ந்தேன். கண்டக்டர் விசில் டிக்கெட் கொடுக்கும் நேரம் போக, மிச்ச நேரமெல்லாம் முன் படியில் நின்று மெதுவான குரலில் சொல்லிக்கொண்டே வருகிறான். "அண்ணே, இடது பக்கம் சைக்கிள். அண்ணே, ரெண்டு பேர் ரோட்டுல இறங்குறாங்க. அண்ணே, நிக்கிறாங்க, மெதுவா." விடாமல் சொல்கிறான். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் இவர் ஸ்டியரிங்கைத் திருப்புகிறார். நான் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. இறங்கினால் ஏதாவது ஆகிவிடும் என்று தோன்றியது. டெர்மினஸ் வரை உட்கார்ந்திருந்தேன்.

விசில் ஒருநாள் லீவு போட்டால் என்ன ஆகும் அண்ணி?

வேலை போய்விட்டால் என்ன செய்வது என்று எனக்கும் பயம். அதை மறைத்து எழுதினால் பொய்யாகிவிடும். ஆனால் எனக்கு மற்ற பயம்தான் பெரிதாக இருக்கிறது. உங்களுக்குத்தான் அவர் கட்டுப்படுவார்.

தங்கள் அன்புள்ள,
தம்பி மனைவி


மே 3

அன்புத் தம்பிக்கு,

நலம் விசாரிப்பது கடைசியில் இருக்கட்டும்.

உன்னிடம் ஒரு விஷயத்தை இருபத்தேழு வருஷமாக மறைத்து வைத்திருக்கிறேன். அப்பாவைப் பரிசோதித்த அன்றைக்கு, நானும் அம்மாவும் உள்ளே இருந்தோம். நீ வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாய். "பிள்ளைங்களுக்கும் வரலாம். முப்பது வயசுக்கு மேல கவனமா பாருங்க" என்றார் டாக்டர். வெளியே வரும்போது அம்மா என் கையை இறுக்கிப் பிடித்து, "அவன்கிட்ட சொல்லாதே, சின்னப் பையன், பயந்துடுவான்" என்றாள். நான் சொல்லவில்லை. எனக்கு முப்பது தாண்டி ஒன்றும் வரவில்லை, அதனால் உனக்கும் வராது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். உனக்கு டிரைவர் வேலை கிடைத்துக் காக்கிச் சட்டைக்கு அளவெடுத்தேனே, அப்போதுகூட வாயைத் திறக்கவில்லை. ஊசி வாயில் இருந்தது என்று வைத்துக்கொள். குடை வைத்திருந்த அந்த அம்மாவுக்கு அடிபட்டதில் எனக்கும் பங்கு இருக்கிறது.

இனிமேல் நீ ஓட்டக்கூடாது.

அட்டையில் பொடி எழுத்தைப் படித்தேன் என்று எழுதினாய். அப்பாவும் கடைசிவரை ஊசி கோர்த்தார். அட்டை நடுவில்தானே தொங்குகிறது? ரோட்டில் மனிதர்கள் ஓரத்தில் நிற்கிறார்கள்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம். அந்தப் பேய்ப் படம் ஏதாவது பழைய தியேட்டரில் இன்னும் ஓடும். தேடிப் போ. விளக்கு அணைவதற்கு முன்னால் போய்க் கடைசி வரிசையில் உட்கார். அந்தப் பெண் தலை சீவ ஆரம்பித்ததும் அவளைப் பார்க்காதே. கழுத்தைத் திருப்பி இடது ஓரத்தில் பச்சைத் திரைச்சீலையைப் பார். அவ்வளவுதான்.

உங்கள் மேனேஜருக்கு ஒரு கடிதம் எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி, மிஷின் டிராயரில் வைத்திருக்கிறேன். மே இருபதாம் தேதி வரைக்கும் காத்திருப்பேன். அதற்குள் நீயாகப் போய்ச் சொல்லிவிடு. சொல்லிவிட்டால் இதைக் கிழித்துப் போடுகிறேன். உன் மரியாதை உன் கையிலேயே இருக்கட்டும்.

நலமா தம்பி?

அக்கா


மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்டிருந்தாய். பயமாக இருக்கிறது. மற்றபடி நலம்.

உன் கடிதம் ஆறாம் தேதி வந்தது. உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, நாலு நாளும் பஸ் எடுத்தேன். ஒன்பதாம் தேதி விசிலுக்குக் காய்ச்சல். வேறு கண்டக்டர் வந்தார். அவர் எதுவும் சொல்லாமல் டிக்கெட் மட்டும் கொடுத்தார். அந்த நாளைப் பற்றி நேரில் பார்க்கும்போதுகூட என்னிடம் கேட்காதே.

பதினோராம் தேதி எனக்கு லீவு. ஊரின் மறுகோடியில் ஒரு பழைய தியேட்டரில் அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தது. பகல் காட்சி. நீ சொன்னபடி விளக்கு எரியும்போதே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். இவளை அழைத்துப் போகவில்லை. பிடித்துக்கொள்ளத் தோள் இருந்தால் தைரியம் வந்துவிடும், தைரியம் வந்தால் மறுபடியும் எனக்கு நானே பொய் சொல்லிக்கொள்வேன்.

படத்தில் அந்தப் பெண் சீப்பை எடுத்தாள். நான் கழுத்தைத் திருப்பினேன். முதலில் பச்சைத் துணி தெரிந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். அக்கா, அவள் நின்றுகொண்டிருந்தாள். நீ சொன்ன இடத்திலேயே, என்னையே பார்த்துக்கொண்டு. போன தடவையும் அங்கேதான் நின்றிருப்பாள். விசில் என் தொடையைக் கிள்ளியபோதும் அங்கேதான் நின்றிருப்பாள். நான் கத்திவிட்டேன். இரண்டாவது தடவை பார்க்க வந்தவர்கள்தான் போலிருக்கிறது, வேறு யாரும் கத்தவில்லை. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து வெளியே வந்து, வெயிலில், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எத்தனை மாதம், எத்தனை ஸ்டாப், எத்தனை பேர் இடது பக்கம் நின்றிருப்பார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். முடியவில்லை.

அங்கிருந்து நேராகக் குடைக்கார அம்மா வீட்டுக்குப் போனேன். கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டிருந்தார். என்னை உட்காரச் சொன்னார். திட்டுவார் என்று போனேன், திட்டியிருந்தால் தேவலை. "பத்து நிமிஷமா அங்கேயேதான்பா நின்னேன். கையை நீட்டினேன். நீயும் என்னைப் பார்த்துக்கிட்டேதான் வந்தே. பார்த்துக்கிட்டே வர்றானே, நிறுத்திடுவான்னு நகராம நின்னுட்டேன்" என்றார். நான் ரோட்டின் நடுவைத்தான் பார்த்திருக்கிறேன் என்று அவருக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? காலில் விழுந்தேன். அவர் எழுந்திருக்கச் சொன்னது காதில் விழுந்தது. எந்தப் பக்கம் நிற்கிறார் என்று தேட வேண்டியிருந்தது.

மறுநாள் காலை மேனேஜர் அறைக்குப் போய், "இனிமே ஓட்ட மாட்டேன் சார்" என்று லைசென்ஸை மேஜையில் வைத்தேன். நானாக வந்து சொல்கிறேன் என்ற நினைப்பில் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது. அவர் டிராயரைத் திறந்து உன் கடிதத்தை எடுத்தார். "இது வந்து ஆறு நாள் ஆச்சுய்யா. உன் ஃபைல்ல கழுகுக் கண்ணுன்னு போட்டிருந்துச்சு. ஏதோ அக்கா தம்பி சண்டைன்னு உள்ளே போட்டுட்டேன்" என்றார்.

உறையைத் திருப்பிப் பார்த்தேன். தபால் முத்திரை மே 3. எனக்கு வந்த உறையிலும் அதே முத்திரைதான். இருபதாம் தேதி வரைக்கும் காத்திருப்பேன் என்று எழுதிவிட்டு, இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டிருக்கிறாய்.

அரை நிமிஷம் கோபம் வந்தது. என் மரியாதை என் கையில் என்றாயே என்று நினைத்தேன். அப்புறம் அந்த நாலு நாளில் நான் எடுத்த ட்ரிப்புகளை எண்ணினேன். பதினாறு. நீ என்னை நம்பாமல் போனது சரி. அந்த மனிதர் உன் கடிதத்தை நம்பாமல் போனதுதான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. மேனேஜர் அறையிலேயே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். விசில் வந்து கூட்டிக்கொண்டு போனான். போகும்போது அவனும் அழுதான்.

இப்போதைக்கு என்னைத் தொலைந்த பொருள் அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் மறந்துவிட்டுப் போன பைகள், செருப்புகள், குடைகள். குடைகள்தான் நிறைய. அடுத்த வாரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், இவள்தான் கூட்டிப்போகிறாள். டாக்டர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அம்மா சொன்னதை நீ கேட்டதற்கு உன்மேல் கோபம் இல்லை. சின்னப் பையன்தான், பயந்திருப்பேன். இப்போதும் பயந்துகொண்டுதான் இருக்கிறேன், அப்போதே பயந்திருந்தால் குடைக்கார அம்மாவின் தோளாவது முழுசாக இருந்திருக்கும்.

படங்களை நிறுத்திவிடாதே. எனக்கு முன்னால் நீ போய்ப் பார். யார் எந்தப் பக்கம் வருகிறார்கள், ஜன்னலில் யார் தொங்குகிறார்கள், எல்லாவற்றையும் எழுது. முக்கியமாக ஓரத்தில் யார் நிற்கிறார்கள் என்று எழுது அக்கா. நீ எழுதாவிட்டால் அங்கே யாரும் இல்லை என்றுதான் நான் நினைத்துக்கொள்வேன்.

உன் தம்பி